நாலே நாலு ஓட்டை!

உங்கள் ஆபீஸில் சொந்தமாக டிரில்லிங் மிஷின் வைத்திருக்கும் ஆசாமி யாராவது உண்டா? இருந்தால் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒருத்தர் இருக்கிறார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "வீட்டு டிவியைச் சுவத்துல மாட்டணும், ஆள் தேடறேன்" என்று பொதுவாகத்தான் சொன்னேன்.

"எதுக்கு ஆளு? நாலே நாலு ஓட்டை, நாலு ஸ்குரு. பத்து நிமிஷ வேலை. மிஷின் நான் தரேன்" என்றவர், மறுநாளே ஒரு பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிஷ வேலை முடிய எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.

டிவியைச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று எனக்கொன்றும் ஆசை இல்லை. இரண்டு வருஷமாக அது ஹாலில் ஒரு டிராயர் வைத்த மேஜை மேல் சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருந்தது. நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி. அத்தனை பெரிய உடம்புக்கு வாத்துக் கால் மாதிரி இரண்டே இரண்டு பிளாஸ்டிக் கால்! பழைய டப்பா டிவி இருபது கிலோவுக்கு மேலே கனக்கும். ஆளைக் கூப்பிட்டுத் தள்ளினாலும் அசையாது. இது எட்டு கிலோ சொச்சம். லேசாகத் தொட்டாலே தலையாட்டும்.

ஒண்ணேமுக்கால் வயசில் எங்கள் வீட்டில் ஒரு பிரஜை இருக்கிறான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழ் டிராயரை இழுத்து, அதைப் படியாக்கி ஏறி, டிவியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிவிட்டான். டிவி அவனோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தது.

நல்லவேளை, பக்கத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் டிவிக்கு இரண்டடி தள்ளித்தான் அதைப் போட்டிருப்பார். அதன் நீட்டிய மரக்கையில் டிவி வந்து மோதி நின்றது. பையன் அடியில், டிவிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த சந்தில், உட்கார்ந்த வாக்கில் அழுதுகொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப் போயிருந்தார். பேரனைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி அப்போது அவருடையது.

சமையலறையிலிருந்து மனைவியும் பால்கனியிலிருந்து நானும் ஓடி வந்தோம். பையனை வெளியே இழுத்து, கை கால் எல்லாம் தடவிப் பார்த்து, நெஞ்சு படபடப்பு அடங்கிய பிறகு நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"ஒரு குழந்தையைப் பாத்துக்க முடியாதாப்பா?"

அவ்வளவுதான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். கத்தியிருந்தால் தேவலை. அப்பா பதில் பேசவில்லை. சாயங்காலம் அவரே நாற்காலியை மடித்து, "இதைப் பரண் மேல போட்டுடு. ஹால்ல இடத்தை அடைக்குது. டிவியைச் சுவத்துல உசரமா மாட்டிடு" என்றார். நானும் சரியென்று போட்டுவிட்டேன்.

முதல் தடை ஹவுஸ் ஓனர். நாங்கள் இருப்பது நங்கநல்லூரில் ஒரு வாடகை ஃபிளாட். அக்ரிமென்ட்டில் பதினோராவது ஷரத்து, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாடகை ஜிபேயில் போய்ச் சேர்ந்துவிட்டாலும் மாசம் ஒரு தடவை அவர் நேரில் வருவார். எங்களைப் பார்க்க அல்ல, சுவரைப் பார்க்க! போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். குழந்தை என்றதும் மனசு இளகி, "சரி சார், நாலு ஓட்டை. நாலுக்கு மேல ஒண்ணு விழுந்தாலும் அட்வான்ஸ்லதான் கை வைப்பேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ராகுகாலம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு வேலையை ஆரம்பித்தேன். டிவியின் முதுகில் சதுரமாக நாலு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்களுடையதில் இருநூறுக்கு இருநூறு மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ஆன்லைனில் ஒரு பிராக்கெட் வாங்கி வைத்திருந்தேன். பாதி சுவரோடு, பாதி டிவியோடு. இரண்டையும் ஸ்குருவில் முடுக்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கொக்கி மாதிரி மாட்டிவிட்டால் முடிந்தது. காகிதத்தில் எல்லாமே சுலபம்.

ஆபீஸ் நண்பர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: "சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல டிரில் வைக்காதீங்க. ஒயர் அந்த வழியாத்தான் இறங்கும்." அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதனால்தான் இன்றைக்கு இந்தக் கட்டுரையை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுவிட்ச் போர்டிலிருந்து விலகி, மூலைப் பக்கமாக முதல் ஓட்டை. மிஷின் அலறியது, சுவர் அசையவில்லை. கால் இஞ்ச் போயிருக்கும். பிட்டு நீலமாகிப் புகைந்தது. "சுத்தியல் படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கே, அதைத் திருப்ப வேணாமா?" என்றாள் மனைவி. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூர நின்றவளுக்குத் தெரிந்தது, மிஷினைக் கையில் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. பட்டனைத் திருப்பினேன். இன்னும் ஒரு இஞ்ச் இறங்கி, 'ணங்' என்று ஒரு சத்தம். மூலையில் இருந்தது கான்கிரீட் தூண், உள்ளே கம்பி. முதல் ஓட்டை அவுட்!

ஒரு அடி தள்ளி இரண்டாவது. இது அல்வா மாதிரி இறங்கியது. எனக்குச் சந்தோஷம். ரால் பிளக்கை வைத்தேன். தட்டாமலே உள்ளே போய், ஸ்குருவைத் திருகினால் கூடவே சுற்றியது. மூன்றாவதும் நாலாவதும் பரவாயில்லை. ஆனால் பிராக்கெட்டை வைத்துப் பார்த்தால் நாலாவது ஓட்டை அரை இஞ்ச் கீழே. அதற்குப் பக்கத்திலேயே ஐந்தாவது. இரண்டும் சேர்ந்து எலிப் பொந்து மாதிரி ஆகிவிட்டதால் ஆறாவது.

"அந்தக் காலத்துல உளியால சதுரமாத் தோண்டி, தேக்குக் கட்டையைச் சீவி அடிச்சு இறக்குவாங்க. யானை கட்டலாம்" என்றார் அப்பா, சோபாவிலிருந்து. எனக்குக் கோபம். யானை கட்ட உத்தேசமில்லை என்று சொல்லிவிட்டு, லூசாக இருந்த பிளக்குகளுக்குள் தீக்குச்சி செருகினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செருகியிருப்பீர்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஸ்விட்ச் பாக்ஸும் சாமி படமும் தீக்குச்சியை நம்பித் தொங்குகின்றன!

டிவி ஏறியது. ஏறியதும் மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்து, "இடது பக்கம் இறங்கியிருக்கு" என்றாள். செல்போனில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இரண்டு டிகிரி. நியூஸ் வாசிக்கிற பெண் எந்த நிமிஷமும் வழுக்கிக்கொண்டு மேஜையை விட்டுப் போய்விடுவாள் போல இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எட்டு கிலோவைத் தாங்கிக்கொண்டிருப்பது ஏழு தீக்குச்சி. காலையில் எழுந்ததும் பையன் நேரே வந்து நிற்கிற இடம் அதற்கு அடியில். மேஜை மேல் இருந்தபோதாவது இரண்டரை அடியிலிருந்து விழும், இப்போது ஐந்தடியிலிருந்து! ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு மணிக்குப் போனபோது அப்பா இருட்டில் டிவிக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிவியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தோம்.

திங்கட்கிழமை தெருமுனை எலக்ட்ரிக் கடை அண்ணன் வந்தார். என் ஆறு ஓட்டைகளையும், அம்மை போட்ட குழந்தையைப் பார்க்கிற டாக்டர் மாதிரி, கிட்டப் போய்ப் பார்த்தார்.

"சார், ஓட்டை போடறப்போ தூள் என்ன கலர்ல வந்துச்சு?"

"சாம்பல் கலர்."

"அதான். செவப்பா வரணும். செவப்பா வந்தா செங்கல், பிளக்கைக் கவ்விப் புடிக்கும். நீங்க ரெண்டு கல்லுக்கு நடுவுல கலவையில போட்டிருக்கீங்க, அது உதுந்துடும். மேல்பூச்சு முக்கால் இஞ்ச் இருக்கு. பிளக்கு அதைத் தாண்டிக் கல்லுக்குள்ள உக்காரணும். அதுவும் இது நாலரை இஞ்ச் சுவரு. கொஞ்சம் அழுத்தினீங்கன்னா பக்கத்து வீட்டு பூஜை ரூம்ல விபூதி கொட்டும்."

அவர் டொக் டொக்கென்று விரலால் தட்டித் தட்டிக் கல்லைக் கண்டுபிடித்தார். நாலு ஓட்டை, நாலிலும் சிவப்புத் தூள். பிராக்கெட்டை முடுக்கியதும் அதை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கினார். "என்னைத் தாங்கினா டிவியைத் தாங்கும் சார்." தாங்கியது.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னார்: "உசரம் அதிகமா இருக்கு சார். டீக்கடை டிவி மாதிரி."

"குழந்தைக்கு எட்டக் கூடாது" என்றேன்.

வாதாடவில்லை. மாட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். டிவியின் அடி விளிம்பு தரையிலிருந்து சரியாக ஐந்தடி. பையன் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. போய் செருப்பைக் கடிக்க ஆரம்பித்தான். எனக்குப் பரம திருப்தி.

பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் ராத்திரி மனைவிதான் சொன்னாள். "மாமா இப்பல்லாம் டிவியே பாக்கறதில்லை, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. ஏழு மணியானால் நியூஸ் சேனல் விவாதம், அது முடிந்ததும் பழைய பாட்டு. என் அப்பாவின் கால அட்டவணை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்தால், ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறாராம். "அப்படி என்னப்பா புதுசா பக்தி?" என்றதற்கு, "டிவியில என்ன இருக்கு, ஒருத்தனை ஒருத்தன் கத்தறான்" என்றார்.

கத்தாத டிவி எது? அவர்கள் கத்துவதற்காகவே பார்த்தவர்தான் என் அப்பா!

நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், 1987-ல், டிவி வாங்கியவர் அவர். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்துவிட்டாலும், குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு டிவி வரப் பன்னிரண்டு வருஷமும் ஒரு ராமாயணமும் தேவைப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி ஒரு வார்த்தை புரியாமல் தெருவே ராமருக்குக் கைகூப்பிய காலம். கறுப்பு வெள்ளை சாலிடேர். சாலிடேர், டயனோரா இரண்டுமே நம்ம மெட்ராஸ் தயாரிப்புதான். மரச் ஷட்டர், பூட்டு, சாவி எல்லாம் உண்டு. சாவி அம்மா இடுப்பில். அந்த டிவி எனக்கு ஆறு வயசு ஆகும் வரைக்கும் இருந்தது. அப்பா மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "தெரியுதா?" என்பார். அம்மா வாசலில் நின்று "போச்சு... வந்துது... போச்சு!" என்று ரிலே பண்ணுவாள்.

அந்த டிவி இருந்த ஸ்டாண்டு இரண்டடி உயரம் இருக்கும். யாருமே அண்ணாந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். கண்ணுக்கு நேரே ராமர். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு டிவிகள் உயரத்தில் இருப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே பார்க்கிறவன் நிற்கிறான், அவனுக்கு முன்னால் நாலு தலை வேறு. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நான் எதற்கு ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டினேன்?

இதெல்லாம் எனக்கு உறைத்தது அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். பழைய பாட்டு. அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஈரிழைத் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் கொடுத்து, மோவாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தைல பாட்டில், மூடி திறந்து. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைக் குனிந்து பிடரியைத் தேய்த்துவிட்டு, மறுபடி அண்ணாந்தார்.

"கழுத்து வலிக்குதுன்னு ஏம்ப்பா சொல்லலை?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லை. மேலயே இருக்கட்டும். பையனுக்கு எட்டாம இருக்குல்ல, அது போதும்."

"அந்தச் சாய்வு நாற்காலி இருந்தா இப்படி அண்ணாக்க வேணாமே. இறக்கட்டுமா?"

"வேணாம்டா. அதுல சாஞ்சா கண்ணு சொக்கிடுது." டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு மட்டும் டிவி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று நின்றுகொண்டே யோசித்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கேட்டால் அவர்தான் சங்கடப்படுவார். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு முடிகிறவரை நானும் அண்ணாந்து பார்த்தேன். மூன்று பாட்டுக்கே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் வயசு முப்பத்தேழு, அவருக்கு எழுபத்தொன்று.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டேன். எலக்ட்ரிக் கடை அண்ணன் வந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லாமல் இருந்தார். பெரிய மனுஷர்.

"இதை உக்காந்து பாக்கறது யாரு சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. அப்பாவைக் காட்டினேன். பரணிலிருந்து சாய்வு நாற்காலியை இறக்கினேன். கித்தான் துணியில் பத்து நாள் தூசி. தட்டிப் போட்டதும் அப்பா, "வேணாம்டா, இடத்தை அடைக்கும்" என்றார்.

"அளவு எடுக்கணும் பெரியவரே, உக்காருங்க" என்று அண்ணன் அதட்டினார். உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஒரு சங்கதி புரிந்தது. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பார்வை நேராகப் போகும். டிவி கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் பார்வை தானாகவே கொஞ்சம் மேல்நோக்கிப் போகும். டிவி சற்று உயரத்தில் இருந்தால்தான் அதற்குச் சௌகரியம்! அண்ணன் ஏழடி தள்ளி நாற்காலியைப் போட்டு, அப்பாவைச் சாயச் சொல்லி, அவர் பார்வை போய் முட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு பையனைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தி, ஒரு பிஸ்கட்டை உயரே காட்டினார். அவன் எம்பி எட்டிய இடத்தில் இன்னொரு கோடு. முதல் கோட்டைச் சுற்றி டிவியை வைத்தால், அடி விளிம்பு மூணேமுக்கால் அடியில் வந்து நின்றது. பையன் கோடு அதற்கு ஒரு சாண் கீழே.

"ஏழடி தள்ளிப் போட்டுட்டீங்களே, சத்தம் கேக்காதே" என்றார் அப்பா. வேண்டாம் என்று சொன்ன ஆள்தான்! டிவியிலிருந்து ஒயர் இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தார் அண்ணன். பழைய பிராக்கெட்டுக்குப் பதிலாக, டிவியின் முகத்தைக் கொஞ்சம் கீழே குனிய வைக்கிற மாதிரி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். மறுபடி நாலு ஓட்டை. சிவப்புத் தூள். தொங்கல். தாங்கியது. டிராயர் மேஜை பெட்ரூமுக்குப் போய், அங்கேயும் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டது.

ஆக மொத்தம் பதினாலு ஓட்டை. பயன்பாட்டில் உள்ளவை நாலு. மீதிப் பத்தும் டிவிக்கு மேலே வெட்ட வெளியில், ஓனரின் பிஸ்தா பச்சைச் சுவரில். ஓரத்தில் இருந்ததை பேஸ்ட்டால் அடைத்தேன். நான் பல் தேய்க்கிற பேஸ்ட், வெள்ளை. பச்சைச் சுவரில் நட்சத்திரம் மாதிரி மின்னியது. மற்றவற்றுக்கு மனைவி ஒரு யோசனை சொன்னாள். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர், முருகன் படம் போட்டது, நல்ல அகலம். அதை டிவிக்கு மேலே மாட்டினாள். எல்லா ஓட்டையும் முருகனுக்குள் அடக்கம்.

ஒண்ணாம் தேதி ஓனர் வந்தார். ஹாலின் நடுவில் நின்று சுவரை நிதானமாகப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்து, "நாலுதானே?" என்றார்.

"நாலே நாலு சார்."

தலையாட்டிவிட்டுத் திரும்பியவர் நின்றார். "ஏம்மா, காலண்டரை எதுக்கு இவ்வளவு உசரத்துல மாட்டியிருக்கீங்க? தேதி கிழிக்கவே ஸ்டூல் வேணும் போல இருக்கே?"

மனைவி ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். "குழந்தை மொத்தமாக் கிழிச்சுடறான் சார்."

அந்தக் குழந்தை, தாத்தாவின் வயிற்றின் மேல் குப்புறப் படுத்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. டிவியில் யாரோ யாரையோ கத்திக்கொண்டிருந்தார்கள். சாய்வு நாற்காலியில் அப்பா, ஒரு கையால் பேரனின் முதுகை அணைத்தபடி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"ஆமா சார். பொல்லாத பய."